நான் காலி என்று எழுதிய காடு

தம்பி,

இப்படிக் கடிதம் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். கெமாஸ் ஒன்றும் கடல் கடந்த ஊர் இல்லை. சிரம்பானில் காலையில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு உன் வீட்டில் இருக்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை நீயே வந்து என் எதிரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாய். அப்போதெல்லாம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, நீ கிளம்பிப் போனபின் நோட்டுப் புத்தகத்தில் தாளைக் கிழித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் அம்மாவை உனக்குத் தெரியும். வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் முன்னால் பேச வராத கூச்சம் இல்லை எனக்கு. பெரியவர்கள் இரண்டு பேர் எதிரில் இருந்தால் போதும், தொண்டை அடைத்துக்கொள்ளும். நீ உதவி மானேஜர் ஆனபிறகு உன்னையும் அந்தப் பெரியவர்களில் சேர்த்துவிட்டேன் போலிருக்கிறது.

ஆங்கிலம் சரியாக இருக்கிறதா பார் என்று நீ விட்டுப்போன திட்ட அறிக்கையை முழுதாகப் படித்தேன். பிழைகள் அதிகம் இல்லை. திருத்தி இதோடு வைத்திருக்கிறேன். எனக்கு உறுத்தியது ஒரே இடம்தான். ரயில் பாதைக்கும் உங்கள் கடைசி ரப்பர் பிரிவுக்கும் நடுவில் இருக்கும் நாற்பது ஏக்கர் புதர்க்காடு. பயிர் உள்ள நிலம், காலி நிலம் என்று இரண்டு கட்டம் போட்டு, அந்த நாற்பது ஏக்கரைக் காலி என்ற கட்டத்தில் எழுதியிருக்கிறாய். மருந்தடித்து அழித்துவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை போடலாம் என்பது உன் யோசனை. ஞாயிற்றுக்கிழமை நீ அதைச் சொன்னபோது, அங்கே ஆட்கள் ஏதோ வெட்டுகிறார்களே என்று மட்டும் முனகினேன். "அது சும்மா பெலுக்கார்மா, வெறும் புதர், ஒண்ணுமில்ல" என்று சிரித்தாய். என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு, சரி, பாதியை விட்டுவிடுகிறேன், சுற்றிலும் வேலி போட்டு ஒருத்தரும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்கிறேன், இயற்கை அப்படியே இருக்கட்டும், இப்போது சந்தோஷம்தானே என்று கேட்டாய். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்து நான்கு நாட்களாக எனக்கு என் மேலேயே ஆத்திரம். உன் மேலும் ஆத்திரம்தான், மறைக்கவில்லை. மருந்தடிப்பதும் தப்பு, வேலி போடுவதும் தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தேநீரை ஆற்றிக் கொடுத்து உன்னை வழியனுப்பி வைத்தேன்.

தீபாவளிக்கு உன் வீட்டுக்கு வந்தபோது, உங்கள் தோட்டத்தில் பால் வெட்டும் அஞ்சலை வாழைநாரில் கட்டிய ஒரு கட்டுக் கீரை கொண்டுவந்து கொடுத்தாளே, நினைவிருக்கிறதா? பெரணிச் செடியின் இளம் சுருள். நான்தான் தேங்காய்ப்பால் ஊற்றி, இறால் போட்டுச் சமைத்தேன். நீ இரண்டு தடவை போட்டுக்கொண்டு, "என்ன கீரைமா இது, பசார்ல கிடைக்குமா?" என்று கேட்டாய். பசாரிலிருந்து வரவில்லை. உன் காலி நிலத்திலிருந்துதான் வந்தது. அஞ்சலையிடம் நான் பின்கட்டில் நின்று பேசினேன். பெண்களிடம் எனக்குப் பேச்சு வரும். ஒன்றாம் லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் ஒரு பக்கம், இரண்டாம் லயம் ஒரு பக்கம், பக்கத்து மலாய்க் கம்போங் கிராமத்துப் பெண்கள் ஓடைப் பக்கம் என்று முறை வைத்துத்தான் வெட்டுகிறார்களாம். முறை தவறினால் சண்டையாம். எனக்கு அது புதிதில்லை. அதே மாதிரி முறை ஒன்றை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதை அழித்ததும் நான்தான். இதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.

மம்பாவ் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தைப் பற்றி உனக்குக் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன். ஜப்பான்காரன் வந்ததும் துரை ராத்திரியோடு ராத்திரியாகச் சிங்கப்பூருக்கு ஓடிவிட்டார். ரப்பரை வாங்க ஆளில்லை, பால் வெட்டு நின்றுபோயிற்று. அரிசிப் பங்கீடு வாரத்துக்கு வாரம் சுருங்கியது. எனக்குப் பதினாறு வயது. தோட்டத்தில் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போன ஒரே பெண் நான். அந்தப் பள்ளிக்கூடமும் மூடிவிட்டதால் என் அப்பா என்னைத் தெமியாங்கில் நடந்த ஜப்பான் மொழி வகுப்பில் மூன்று மாதம் சேர்த்துவிட்டார். அந்த எழுத்து தெரிந்த காரணத்துக்காகத் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணிக்கு உதவியாக என்னை உட்கார வைத்தார்கள்.

லயத்துக்குப் பின்னால், பழைய மரங்களை வெட்டித் தள்ளிய இடத்தில், தானாக முளைத்த புதர்க்காடு ஒன்று இருந்தது. இடுப்புயரச் செடிகள், லாலான் புல், ஓடையோரம் சுருள் கீரை, மேட்டில் ரெசாம் என்ற முரட்டுப் பெரணி, இடையிடையே ஊதாப் பழம் பழுக்கும் கெமுந்திங். அரிசி இருந்த காலத்தில் அந்தப் பக்கம் ஆடு மேய்க்கத்தான் போவார்கள். அரிசி போனதும் முப்பது குடும்பமும் அதற்குள் விழுந்தது. கீரை சோற்றுக்குப் பதில். லாலான் ஒழுகும் கூரைக்கு. ரெசாம் தண்டைக் கீறிக் கூடை முடைந்தால் கம்போங்கில் கருவாடு மாற்றலாம். கட்டையெல்லாம் அடுப்புக்கு. நீ நினைக்கிற மாதிரி பரம்பரை ஞானம் ஒன்றும் எங்களிடம் இல்லை. எங்கள் ஆட்களுக்குக் களை வெட்டத் தெரியும், புதரை வளர்க்கத் தெரியாது. முதல் நான்கு மாதம் கையில் அகப்பட்டதையெல்லாம் பறித்தார்கள். லயத்துக்கு அருகில் இருந்த பகுதி மொட்டையாகிவிட்டது. சுருள் விடுவதற்குத் தூரில் ஒன்றுகூட மிச்சமில்லை. எட்டிப் போக வேண்டிய பகுதியோ முற்றிப்போய், கீரை கயிறாகி, ரெசாம் காய்ந்து ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கிடந்தது.

அப்போது முறை போட்டவள் ரங்காயி அக்கா. அவளுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். மருந்து கிடைக்காமல் காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்தவள். செல்லம்மா என்று ஐந்து வயதில் ஒரு பெண். தோட்டத்திலேயே பெரிய வாய்க்காரி. பொழுது போகாமல் முறை போடவில்லை அவள். பிள்ளையை வைத்துக்கொண்டு தூரமாகப் போக முடியவில்லை, அருகில் இருந்ததோ தீர்ந்துவிட்டது, அதனால் போட்டாள். காட்டை ஐந்து நிரையாகப் பிரித்தாள். நிரைக்கு எட்டு நாள், அதில் குடும்பத்துக்கு ஒரு பங்கு. வெட்டி முடித்த நிரையின் தலைப்பில் ஒரு குச்சியை நட்டு, அதன்மேல் ரப்பர் பால் பிடிக்கும் பீங்கான் மங்கு ஒன்றைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். பால் வெட்டு நின்றதால் மங்குகள் மரத்தடியில் சும்மா கிடந்தன. மங்கு கவிழ்ந்திருந்தால் அந்த நிரையில் யாரும் கை வைக்கக் கூடாது. மற்ற நான்கு நிரையும் முடிந்து, நாற்பது நாள் சுற்று திரும்பும்போதுதான் அதை நிமிர்த்துவாள். ஒரு தூரில் இரண்டு சுருளையாவது விட்டுவிட்டுத்தான் பறிக்க வேண்டும். ரெசாமில் பழுப்பு ஏறிய தண்டை மட்டும் முழங்கால் உயரத்தில் வெட்ட வேண்டும். முற்றிய இலையையும் காய்ந்ததையும் அறுத்து வெளியே போட வேண்டும். மூன்றாவது சுற்றிலேயே வித்தியாசம் தெரிந்தது. வெட்ட வெட்டச் சுருள் தடித்து வந்தது. வெளிச்சம் பட்ட இடத்தில் கெமுந்திங் நன்றாகக் காய்த்தது.

எனக்குப் பிறகு விளங்கிய விஷயம் ஒன்று உண்டு. நீ கவனித்துப் படிக்க வேண்டிய இடம் இதுதான். முறை என்றால் வெட்டாமல் இருப்பது மட்டும் இல்லை. முறை வந்தால் வெட்டியே ஆக வேண்டும். பக்கத்து வீட்டுப் பச்சையம்மா ஒரு தடவை, தங்கச்சி வீட்டிலிருந்து மரவள்ளி வந்துவிட்டது, இந்தச் சுற்றில் கீரை வேண்டாம் என்று தன் பங்கை வெட்டாமல் விட்டுவிட்டாள். ரங்காயி அக்கா அவள் வாசலில் போய் நின்றுகொண்டாள்.

"உனக்கு வேணாம்னா வெட்டி மாட்டுக்குப் போடுடி. நீ சும்மா விட்டா அது முத்திப்போயி என் பங்கையும் சேத்து மூடும். காடு என்ன உங்க வீட்டுப் பாயா, வேணும்னா விரிக்கிறதுக்கு?"

பச்சையம்மா வாய்க்குள் திட்டிக்கொண்டே கத்தியை எடுத்துக்கொண்டு போனாள். நானும் ஒரு நாள் தெரியாமல் மங்கு கவிழ்ந்த நிரையில் புகுந்துவிட்டேன். "ஏ படிச்ச புள்ள, அவ்வளவு பெரிய மங்கு கண்ணுக்குத் தெரியலையா? ஜப்பான்காரன் பள்ளிக்கூடத்துல இதெல்லாம் சொல்லித் தரலையா?" என்று அவள் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா என் மடியில் ஒரு கை கெமுந்திங் பழத்தை அள்ளிப் போட்டு, வாயை ஊதாவாக்கிக்கொண்டு வீட்டுக்குப் போ என்றாள்.

அந்த ஊதாதான் எனக்கு வினையாக முடிந்தது. மறுநாள் ஆபீசுக்குப் போனபோது என் நகக்கண்ணெல்லாம் கறை. கிராணியின் மனைவி காப்பி கொண்டுவந்தவள் என் கையைப் பார்த்துவிட்டு, "உங்க லயத்துல எல்லாரும் காட்டுலதான் மேயுறீங்களாமே" என்றாள். கெட்ட எண்ணத்தோடு சொன்னாளா, விளையாட்டாகச் சொன்னாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து ஆபீசுக்குப் போகும்முன் சாம்பல் போட்டு நகத்தைத் தேய்ப்பேன். வீட்டில் என்ன சாப்பிட்டாய் என்று யாராவது கேட்டால் மரவள்ளி என்பேன், கீரை என்று சொல்ல மாட்டேன்.

அந்த வாரம்தான் லாரியில் ஜப்பான்கார அதிகாரி வந்தான். தோட்டத்து நிலத்துக்கெல்லாம் கணக்கு வேண்டும் என்று ஒரு தாளைக் கொடுத்தான். பயிர் உள்ளது, காலி என்று அதிலும் இரண்டே கட்டம்தான், தம்பி. உன் அறிக்கையில் அந்த இடம் எனக்கு ஏன் உறுத்தியது என்று இப்போது புரியும். கிராணி என்னை எழுதச் சொல்லிவிட்டு, அதிகாரிக்கு இளநீர் வெட்டச் சொல்ல வெளியே போனார். போகும்போது வாசலிலிருந்தே, லயத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டார். முப்பது குடும்பம் முறை வைத்து வெட்டிச் சாப்பிடுகிற காடு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தான். கிராணியின் மனைவி உள்ளே நிற்பது தெரிந்தது. "ஒண்ணுமில்லீங்க, புதர்தான்" என்றேன். காலி என்ற கட்டத்தில் என் கையாலேயே எழுதினேன். எழுத்து அழகாக இருக்கிறது என்று அதிகாரி சொன்னதாகக் கிராணி பிறகு சொன்னார். நான் அதற்குச் சந்தோஷப்பட்டேன் என்பதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. காலி நிலத்தையெல்லாம் எரித்து மரவள்ளி நட வேண்டும். மழையில்லாத மாதம். ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் நான்கு மூலையிலும் நெருப்பு வைத்தார். முழங்கால் உயரத்தில் பச்சையாக நின்ற நிரைகள் சுலபமாகப் பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிப் பிடிக்க வைத்தார்கள். குச்சிமேல் கவிழ்த்திருந்த மங்குகள் சூட்டில் ஒவ்வொன்றாக வெடித்த சத்தம் ஆபீஸ்வரை கேட்டது. மறுநாள் ரங்காயி அக்கா வந்து, காலி நிலம் என்று யார் சொன்னது என்று கிராணியிடம் கேட்டாள். மேலிடத்து உத்தரவு என்று அவர் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள். குரலில் சண்டையே இல்லை.

"புள்ள, நீ எழுதத் தெரிஞ்சவ. ஓடைப் பக்கம் ஒரு நிரை இன்னும் எரியாம நிக்குது. அது நாங்க வெட்டித் திங்கற இடம்னு ஒரு வரி எழுதிக் குடு. அந்த ஜப்பான்காரன் கிட்ட நான் கொண்டுபோயி நீட்டறேன்."

எழுதித் தருகிறேன் அக்கா என்றேன். எழுதவில்லை. எழுதினால், எழுத்தை வைத்து முதல் தாளை எழுதியவளும் நான்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். அவள் ஆபீஸ் பக்கம் வரும்போதெல்லாம் குனிந்து எதையாவது எழுதுகிற மாதிரி இருப்பேன். ஓடைப் பக்க நிரையையும் ஒரு வாரத்தில் கொத்திவிட்டார்கள்.

மரவள்ளி கிழங்கு பிடிக்கப் பத்து மாதமாவது ஆகும். அந்தப் பத்து மாதத்துக்கு எதைத் தின்பது என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் தாளில் அங்கே ஒன்றும் இருந்ததில்லை. லயத்தில் பட்டினியால் ஆட்களுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. நான்காவது மாதம், சயாமில் ரயில் பாதை வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், பெண்கள் பிள்ளைகளோடு வரலாம், தினமும் அரிசிச் சோறு என்று லாரி வந்தது. காடு இருந்தபோது அதே மாதிரி ஒரு லாரி வந்து, ரங்காயி அக்கா அதைக் கேலி செய்து திருப்பி அனுப்பியிருக்கிறாள். இந்தத் தடவை அவள் செல்லம்மாவைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். ஏறும்முன் தன் பாராங் கத்தியை என்னிடம் கொடுத்து, "துருப்பிடிக்க விடாத புள்ள, வந்து வாங்கிக்கிறேன்" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். லாரி கிளம்பும்வரை கால் மணி நேரம் இருந்தது. அவர்கள் இரண்டு பேரும் திரும்பி வரவில்லை. நம் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் கத்தி, நீ சின்ன வயதில் தேங்காய் வெட்டி என்னிடம் அடி வாங்கிய கத்தி, அதுதான். ஏன் அடித்தேன் என்று நீ பல தடவை கேட்டிருக்கிறாய்.

வேலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓடைக்கு அந்தப் பக்கம் வேறொரு தோட்டத்தின் புதர்க்காடு இருந்தது. அதை யாரும் எரிக்கவில்லை. ஜப்பான் சண்டை முடிந்து சில வருஷத்தில் கம்யூனிஸ்ட் பயத்தால் முள்கம்பி போட்டு அதை மூடினார்கள். நான் ஆசிரியர் பயிற்சியிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கம்பிக்கு வெளியே நின்று பார்ப்பேன். முதல் வருஷம் பசேல் என்று அழகாகத்தான் இருந்தது. பிறகு ரெசாம் ஆளுயரத்துக்கு ஏறி எல்லாவற்றையும் மூடியது. கீரை போயிற்று, கெமுந்திங் போயிற்று. அடியில் காய்ந்த சருகு முழங்கால் ஆழம். ஒரு வறட்சியில் யாரோ போட்ட பீடித் துண்டில் பிடித்து, பக்கத்து லயத்தில் ஆறு வீட்டையும் சேர்த்து எரித்துவிட்டுத்தான் அணைந்தது. கை பட்டு வளர்ந்த காட்டுக்குக் கை வேண்டும். அதை அழித்தாலும் சாகும், பூட்டி வைத்தாலும் சாகும்.

நம் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். முப்பது வயதுக்குமேல், உன்னை உன் அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போய்த் தாவரவியல் படித்தேன். ஒரு நாள் விரிவுரையாளர், இப்படிப்பட்ட புதர்க்காட்டை எதற்கும் உதவாத நிலம் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டார். எனக்கு ஐந்து நிரையும் நாற்பது நாளும் நுனி நாக்கில் நின்றன. பக்கத்தில் டவுன் பிள்ளைகள் இருந்தார்கள். நான் கரும்பலகையில் இருந்ததைப் பார்த்து எழுதிக்கொண்டேன். பரீட்சையிலும் அதையே எழுதித் தேறினேன். படிப்பு வந்தால் கூச்சம் போகும் என்று என் அப்பா நம்பினார். கூச்சப்படுகிறவளுக்குக் குனிந்து எழுத நல்ல இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

நீ கூச்சப்படுகிறவன் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. உனக்குக் குரல் இருக்கிறது, ஆனால் நீ கேட்கவில்லை. நான்கு வருஷமாக அந்த நாற்பது ஏக்கரை மோட்டாரில் தாண்டிப் போகிறாய், ஒரு நாள்கூட இறங்கிப் பார்க்கவில்லை. செடியெல்லாம் ஏன் முழங்கால் உயரத்தில் ஒரே அளவாக நிற்கிறது என்று உனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? காட்டுச் செடி தானாக அப்படி நிற்காது, தம்பி. செம்பனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கம்பெனி போடத்தான் போகிறது என்றால் மேட்டுப் பக்கம் கொஞ்சம் போடட்டும். ஆனால் அஞ்சலையும் மற்றவர்களும் வெட்டுகிற பகுதி எது, யார் யாருக்கு எப்போது முறை, என்னென்ன எடுக்கிறார்கள் என்று அவர்களோடு ஒரு சுற்று நடந்து எழுதிக்கொள். இரண்டு கட்டத்தில் அது அடங்காது. மூன்றாவது கட்டம் ஒன்று போடு. திருத்திய அறிக்கையில் அந்த வரியை மட்டும் நான் தொடாமல் விட்டிருக்கிறேன். அந்த வரியை இன்னொரு தடவை என் கையால் எழுத என்னால் முடியாது.

நான்கு நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருப்பது ஒன்று கேட்பதற்காகத்தான். கேட்க வெட்கமாக இருப்பதால் கடைசிவரை தள்ளிவிட்டேன். அடுத்த மாதம் கம்பெனியிலிருந்து பெரிய மானேஜர் வந்து அறிக்கையைப் பார்ப்பார் என்று சொன்னாய். அன்றைக்கு உன் ஆபீசில் எனக்கு ஒரு நாற்காலி போடு. பக்கத்தில் அஞ்சலைக்கு ஒன்று. அவள் கத்தியோடு வரட்டும், நானும் ரங்காயி அக்காவின் கத்தியைக் கொண்டுவருகிறேன். துருப்பிடிக்க விடவில்லை. அவர் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கும்போது, எனக்குத் தொண்டை அடைக்கும், பாதியில் நிற்பேன், உனக்குச் சங்கடமாக இருக்கும். அப்போது, அம்மா சொல்ல வருவது என்னவென்றால் என்று நீ ஆரம்பித்துவிடாதே. எவ்வளவு நேரம் ஆனாலும் பொறுத்திரு. நானே சொல்கிறேன்.

அம்மா